தர்ஷினி கேட்ட சொற்கள்

கள்ளக்குறிச்சி,
ஆடி 8

அன்பு மகள் பாரதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், பூனாவில் நீயும் மாப்பிள்ளை சிவசங்கரும் பேத்தி தர்ஷினியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி என்னிடம், தாத்தா, அலோன், லோன்லி ரெண்டும் ஒண்ணா என்று கேட்டாள். பள்ளியில் இங்கிலீஷ் நடத்தியவன்தான், ஆனாலும் என் நினைவை இப்போது நான் நம்புவதில்லை, அகராதியைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். ஆல், ஒன் என்ற இரண்டும் ஒட்டிப் பிறந்தது அலோன், முழுக்க ஒருவராய் இருப்பது. அதன் தலையெழுத்து உதிர்ந்து லோன் ஆகி, அதிலிருந்து லோன்லி வந்தது. முன்னது பக்கத்தில் ஆள் இல்லை என்ற தகவல், பின்னது ஆள் இல்லையே என்ற ஏக்கம். அப்பார்ட், அப்பார்ட்மென்ட் என்பவையும் இப்படி ஒன்றுக்கொன்று சொந்தக்காரச் சொற்களே, ஒரு பக்கமாக ஒதுங்குவது என்ற பொருளில் வந்தவை. குழந்தைக்குச் சொல்லிவிடு.

எதுக்கும்மா கேக்கற என்றதற்கு அவள், அம்மாதான் சொல்லிச்சு, நான் அலோன்தான், லோன்லி இல்லன்னு, என்றாள். உடனே நீ போனை வாங்கி சிக்னல் இல்லை என்றாய். சிக்னல்தானா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் என்கிறாய், ஒரு மனிதர் எத்தனை முறை குளிப்பார்? ஆடிப்பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்ற வருஷாவருஷம் இங்கிருந்துதானே மஞ்சள் கயிறு வரும், இந்த முறை வேண்டாம் என்றுவிட்டாய். அம்மா, பூனாவுல இன்னா கயிறு கிடைக்குது, பவுன் செயின்ல கோத்துக்கினு மறைக்கறா உங்க பொண்ணு என்று சிரிக்கிறாள். நானும் கூடவே சிரித்துவைத்தேன். என் புத்திதான் கோணலாக ஓடுகிறதோ, தெரியவில்லை.

அடுத்த வாரம் சின்னதுரை கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவருகிறான். எப்போதும் இரண்டு பாட்டில் அனுப்புவேன், தோசைக்கும் தேன் ஊற்றிக்கொள்ளும் மாப்பிள்ளைக்கே ஒன்று தீர்ந்துவிடும். இந்த முறை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று மட்டும் போனில் சொல். அம்மா கேட்டாலும் அவளுக்கு அது தேன் பேச்சுதான். இரண்டு என்றால் என் வீண் சந்தேகத்தை மன்னித்துவிடு. ஒன்று என்றால் காரணம் கேட்கமாட்டேன். சேலத்தைத் தாண்டித் தனியாகப் போனதில்லை, இந்தியும் தெரியாது, ஆனாலும் கூரியரில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன்.

நீயும் குழந்தையும் மனம் கலங்காமல் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை அங்கே இருந்தால் அவருக்கும் என் ஆசி. பாட்டில் விஷயம் மறந்துவிடாதே.

உன் அப்பா,
தீனதயாளன்