வரிசை எண் 17, அளவு நோட்டு

மார்ச் 4
புது மெஷின் இன்றும் மூன்று முறை நூலை அறுத்தது. கடையில் திருடு போய் நான்கு மாதம். இன்சூரன்ஸ் பணத்தில் வாங்கியது பளபளவென்றுதான் இருக்கிறது, தையல்தான் வரவில்லை. மெஷின் தொலையட்டும். மேஜை டிராயரோடு என் அளவு நோட்டும் போய்விட்டதே. பத்தொன்பது வருஷத்து வாடிக்கைக்காரர்கள் மொத்தப் பேரின் தோளும் இடுப்பும் அதில்தான்.

மார்ச் 9
கணக்கு வாத்தியாரின் மகள் வந்தாள். ஏப்ரலில் அவளுக்குக் கல்யாணம். அப்பாவுக்குக் கோட் வேண்டுமாம். அவர் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார், அசைக்கக் கூடாது. "உங்ககிட்டதான் அவர் அளவு இருக்கே, அதுலயே தைச்சிடுங்க." பழைய சட்டை ஏதாவது கேட்டேன். வீடு மாறும்போது எல்லாம் கொடுத்துவிட்டார்களாம். அவருக்கு இடது தோள் இறக்கம். எவ்வளவு? அரை அங்குலமா, ஒன்றா? நோட்டு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன். எந்தத் தைரியத்தில்?

மார்ச் 15
போலீஸிலிருந்து போன். சாமானெல்லாம் கிடைத்துவிட்டது. டிராயருமா என்றேன். டிராயரும்தான்!

மார்ச் 16
ஸ்டேஷனில் நோட்டைக் கண்ணால் பார்த்தேன். போலீஸ்காரர் தொட விடவில்லை. "நஷ்டஈடு வாங்கிட்டீங்கல்ல? இனிமே இது இன்சூரன்ஸ் கம்பெனியோடது."
அட்டையில் என் பெயர், உள்ளே என் கையெழுத்து. கம்பெனியோடதாம்.

மார்ச் 18
கம்பெனி அதிகாரி ஃபைலைத் திருப்பிக் காட்டினார். நான் எழுதிக் கொடுத்த பட்டியல். பதினேழாவது வரி: அளவு நோட்டு, 1.
அன்றைக்கே மனைவி சொன்னாள், "கிழிஞ்ச நோட்டை எதுக்குங்க எழுதறீங்க?" போனதையெல்லாம் எழுதுவதுதான் நியாயம் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.
"பணத்தைத் திருப்பிக் கட்டறேன் சார்."
"அது முடிஞ்ச ஃபைல். ஏலத்துக்கு வரும், அப்ப எடுத்துக்குங்க. ஆறு மாசம் ஆகும்."
கல்யாணம் ஆறு மாதம் நிற்குமா?

மார்ச் 19
ஒரு வேலையும் ஓடவில்லை. எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 23
சாமானைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட கம்பெனி குடோனுக்குக் கூப்பிட்டார்கள். மனைவியும் வந்தாள். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "மேல கேக்கணும்" என்றார் அதிகாரி. அவ்வளவுதான், கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என்னவெல்லாம் கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள்.
வீட்டுக்கு வந்ததும் மனைவி பையிலிருந்து குடையை எடுத்தாள், தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், நோட்டை எடுத்தாள்.
"நல்லாத்தான் கத்தினீங்க. ஒருத்தரும் என்னைப் பாக்கல."
"இது திருட்டுடி."
"அப்ப கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."
உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் பக்கத்தைத் தேடினேன். இடது தோள் இறக்கம் முக்கால் அங்குலம்.

ஏப்ரல் 20
கல்யாணம் நன்றாக நடந்தது. வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. "என் அளவு இன்னும் வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.
வீட்டில் கம்பெனிக் கடிதம் வந்திருந்தது. மனைவி சத்தமாகப் படித்தாள். "வரிசை எண் பதினேழு, அளவு நோட்டு. கிடைக்கவில்லை." கண்ணாடியைக் கழற்றினாள். "பாவம், எங்க போச்சோ."
கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.