அத்தை வைக்காத பெயர்

1978 மார்ச் 4, சனி

துணி துவைத்து முடித்தேன். குழந்தை தூங்குகிறாள். பிறந்து ஐந்து நாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தோடு வந்து பெயர் கேட்டாள், சியாலே என்றேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பூத்து வார்டையே மணக்க வைத்தது அந்தச் செடிதான். என் வீட்டுக்காரர் செமிசி இன்றுதான் படிவத்தைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"அக்காவக் கேக்காமயா பேரு வெச்ச?"

"உங்க அக்கா கப்பலேறி வர்ற வரைக்கும் பிள்ளைய என்னன்னு கூப்பிடறதாம்?"

தம்பி பிள்ளைக்கு அத்தைதான் பெயர் வைக்க வேண்டும். டோங்காவில் எங்கள் தீவிலும் அதுதான், அவர்கள் தீவிலும் அதுதான். எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு பெயருக்குக்கூட உரிமை இல்லையா?

மார்ச் 7

பால் குடிக்க மறுக்கிறாள். பக்கத்து வீட்டு ஓஃபா எட்டிப் பார்த்து, "அத்தை மனசு கோணினா பிள்ளை தேறாதுடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயில் நல்ல வார்த்தையே வராது.

மார்ச் 8

காய்ச்சல்.

மார்ச் 11

மருந்து கேட்கவில்லை. செமிசி அக்காவுக்குத் தந்தி அடித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டா செய்தேன்?

மார்ச் 15

அகனேசி அண்ணி வந்துவிட்டார். அவர் உள்ளே நுழைந்ததும் செமிசி வெளியே போய்விட்டார். எங்கள் வழக்கத்தில் அக்கா இருக்கும் அறையில் தம்பி உட்காரமாட்டான். நான் தனியாக, தரையில். கல்யாணத்துக்கு அம்மா பின்னிக் கொடுத்த பாயை அவர் முன்னால் விரித்து மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குழந்தையை வாங்கி, தலையில் கை வைத்து ஜெபித்தார். "பேரு அழகா இருக்கு" என்றார்.

மார்ச் 16

காய்ச்சல் விட்டுவிட்டது. வயிறு முட்டக் குடித்தாள். நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? – முடியவில்லை. அண்ணி பால் கொடுக்க மட்டும் அவளை என்னிடம் தருகிறார். குடித்து முடித்ததும் கையை நீட்டுகிறார்.

மார்ச் 18

"எனக்குன்னு ஒரு பிள்ள இல்ல. இவள நான் கொண்டுபோய் வளக்கறேன்."

"பால் குடிக்கிற பிள்ள, அண்ணி."

"டின் பால் இருக்கு. பேரு வெக்கறப்ப என்னைக் கேட்டியா? நானும் இப்ப கேக்கல. சொல்றேன்."

தோட்டத்துக்கு ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லுங்க என்று செமிசியின் காலைப் பிடித்தேன். "அக்கா கேட்டா எப்படி இல்லேங்கறது?" என்றார். அழுதுகொண்டே கிழங்கு தோண்டினார். பாவி மனுஷன்.

மார்ச் 20

கப்பல் போய்விட்டது.

மார்ச் 21

மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது. யாருக்கு இந்தப் பால்? ஐயோ, யாருக்குத்தான் சுரக்குது இது?

ஜூலை 11

கப்பலில் அண்ணியின் கடிதம் வந்தது. செமிசி வாசித்தார். எல்லோரும் சுகமாம். அங்கே நல்ல மழையாம். ஹெய்லாலா குப்புற விழுகிறாளாம், எல்லோரிடமும் சிரிக்கிறாளாம்.

யார் ஹெய்லாலா என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சியாலே போல அதுவும் பூதான், சிவப்புப் பூ.

கடிதம் வந்தது ஓஃபாவுக்குத் தெரியும். காலையில் வந்து கேட்பாள். ஹெய்லாலா நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.