படி உள்ளேயா, வெளியேயா

அக்காவுக்கு,

மாடியில் ஓர் அறை கட்ட என்ன செலவாகும் என்று பார்க்க மேஸ்திரி வந்த அன்று, அப்பாவிடம் நான் உன் பேச்சை எடுக்கவில்லை. நீ அத்தானை விட்டு வந்ததிலிருந்து, உன் பெயரைக் கேட்டாலே அவர் எழுந்து போய்விடுகிறார். நீயும் குட்டியும் விடுதி அறையில் ஒற்றைக் கட்டிலில் படுப்பதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், அடுக்களையில், மெதுவாக. அறை எதற்கு என்று அம்மா கேட்டபோது, "வாடகைக்கு விட" என்றார் அப்பா.

மேஸ்திரி ஏணி வைத்து ஏறி மொட்டைமாடியை அளந்துவிட்டு இறங்கினார்.

"படிய வெளிப்பக்கமா வச்சிடலாம் சார். செலவு கம்மி."

"உள்ள வைங்க. கூடத்துலேர்ந்து ஏறணும்."

"கூடம் பாதியாயிடும். செலவும் கால் பங்கு கூடும்."

"கூடட்டும்."

"குடி வர்றவரு தினமும் உங்ககூட உக்காந்து டிவி பாத்துட்டுத்தான் மேல போவாரு. பரவாயில்லையா?"

அப்பா சிரிக்கவில்லை. "படி உயரத்தக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க. சின்னப் பிள்ள ஏறும்."

மேஸ்திரி கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டார். அம்மா கூடத்து அலமாரியைக் காலிசெய்ய ஆரம்பித்தாள். நானும் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன்.

அறை போன வாரம் முடிந்தது. நேற்று ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தார். "ஆள் வர்றாங்க" என்று சொல்லி அப்பா அவரை அனுப்பிவிட்டார்.

உன் தங்கை