வாரத்துக்குப் பத்து நிமிடம்

மார்ச் 18, 2012, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்கிறது. கோவிலுக்குப் போகும் முன் காண்டசா காரின் உறையை உருவி, ஸ்டார்ட் செய்து, முற்றத்தில் பத்து நிமிடம் நிற்க விட்டேன். பதினொரு வருடமாக ஞாயிறு தவறாத வேலை. ஜெபம் தவறியிருக்கிறது, இது தவறியதில்லை.

இன்று புதிதாக ஒன்று: ஏ.சி. சுவிட்சைப் போட்டேன். வீட்டுக்காரர் சொல்லித்தான். வியாழக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன். "ஏட்டி, ஏ.சி. வேலை செய்யுதாண்ணு பாத்து வையி." குரல் அவருடையது போலவே இல்லை. நூல் மாதிரி இருந்தது.

சூடான காற்றுதான் வந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தேன். இன்னும் சூடாக வந்தது.

நெஞ்சு வலி வந்து மூன்று வாரம். இரண்டு இடத்தில் அடைப்பு, அறுத்துத் தைத்திருக்கிறார்கள். கம்பெனி கணக்கை முடித்து அனுப்புகிறது. 30-ம் தேதி வெள்ளி காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். டாக்டர் சொன்னது: வெயில் கூடாது, வேர்க்கக் கூடாது, குலுக்கம் கூடாது. அங்கிருந்து குலசேகரம் வரை இரண்டு மணி நேரம், நம் ரோட்டில். குலுக்கத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. குளிருக்காவது வழி பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 19, திங்கள்

காலை பிளஸ் டூ தேர்வு மேற்பார்வை. மூன்று மணி நேரம் நின்று கால் வீக்கம். ஸ்டாஃப் ரூமில் கமலம் டீச்சர் கேட்டாள்: "வாடகைக்கு ஒரு ஏ.சி. காரு பிடிச்சா காரியம் முடிஞ்சுல்லா? இதுக்குப் போய் அலையணுமா?"

நானும் அவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தவள்தான். "பத்தொம்பது வருசம் அடுத்தவன் வண்டியில போயாச்சு. வீட்டுக்கு எனக்க வண்டியிலதான் போவேன்" என்றார். தையல் போட்ட நெஞ்சோடு சொல்கிறவரிடம் என்ன பேச.

மாலை மார்த்தாண்டம். ஸ்டீபன் பட்டறை. வண்டி ஏ.சி. வேலை மட்டும் பார்ப்பவர், நிதானமான ஆள். பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சோதிக்கக் கொஞ்சம் கேஸ் ஏற்றி, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தார். கம்ப்ரசரின் முன்பக்கம் வந்ததும் நுரை குமிழ் விட்டது. கீழே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

"டீச்சர், ஷாஃப்டு சீலு போச்சு, கம்ப்ரசர் தண்டுல இருக்க ரப்பர் வளையம். அது வழியா கேஸ் எல்லாம் போயிட்டு."

"எப்பிடி போவும்? நாங்க ஏ.சி. போடதே இல்லியே."

"போடாததுனாலயாக்கும் போச்சு."

புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றும். அது வந்து நனைத்தால்தான் சீல் மெத்தென்று இருக்கும். ஏ.சி. போடாமல் விட்டால் காய்ந்து வெடிக்கும். "வாரத்துல ஒரு பத்து நிமிசம் போட்டிருந்தா போதும் டீச்சர். ஒரு கொழப்பமும் வந்திருக்காது."

பத்து நிமிடம். வாரத்துக்கு.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வண்டி பட்டறையில். நான் பஸ்ஸில். திருவட்டாறு வரை நின்றபடி.

இரவு துணி அடுக்கும்போது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். தினமும் கண்ணில் படுவதுதான், படித்து வருடங்கள் ஆகியிருக்கும். வண்டி வாங்கிய 2001-ல், லீவு முடிந்து போகிற அன்று அவர் எழுதியது. அப்படியே இங்கே:

1. ஞாயிறு காலை ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் நிற்க விடவும்.
2. மழையில் எடுக்கக் கூடாது.
3. உறை போடவும். பூனை.
4. ஏ.சி. போடக் கூடாது. கம்ப்ரசர் தேயும்.
5. யாருக்கும் கொடுக்கக் கூடாது. அண்ணன் கேட்டாலும்.
6. டயர் காற்று மாதம் ஒருமுறை.

நான்காவதுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

மார்ச் 20, செவ்வாய்

அவர் போன், மத்தியானம். "கேஸ் மட்டுந்தானே?" ஆமாம் என்றேன். லெந்து நோன்புக் காலத்தில் பொய். கர்த்தர் மன்னிப்பார், இவர் மன்னிக்க மாட்டார்.

அடுத்துக் கேட்டார்: "ஏட்டி, உண்மையச் சொல்லு. நான் இல்லாத நேரம் ஏ.சி. போட்டு ஓட்டினியா?"

"இல்ல."

"பின்ன சும்மா நிக்க வண்டியில கேஸ் எப்பிடி போவும்?"

வாய் வரை வந்தது. விழுங்கினேன். தையல் பிரியாமல் முதலில் வந்து சேரட்டும். ஆனால் எரிகிறது. செய்யாத குற்றத்துக்கு அல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்ததற்கே இந்தப் பேர் கிடைத்ததே, அதற்கு.

ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கவில்லை. மறந்தே போனது.

மார்ச் 22, வியாழன்

ஸ்டீபன் போன். அந்த மாடல் சீல் மார்த்தாண்டத்தில் இல்லை, நாகர்கோவிலிலும் இல்லை. திருவனந்தபுரத்தில் பழைய சாமான் கடைகளில் ஆள் விட்டிருக்கிறாராம். இங்கிருந்து கீரிப்பாறை வரை பார்க்கிற பக்கமெல்லாம் ரப்பர் மரம். ஒரு ரப்பர் வளையத்துக்கு ஊர் ஊராகத் தேடுகிறோம்.

தூக்கம் இல்லாத மூன்றாவது நாள். ஒன்று எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் இது உள்ளே கிடந்து அரிக்கும்.

2006 ஏப்ரல். மகள் ஷீபாவுக்கு ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள். காய்ச்சல் நூற்று மூன்று. பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்று காண்டசாவை எடுத்து நாகர்கோவிலுக்கு ஓட்டினேன். நடு மத்தியானம். நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தும் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின் சீட்டில் படுத்திருந்தவள் கேட்டாள்: "அம்மா, ஏ.சி. போடுங்கம்மா."

நான் சொன்னேன்: "அப்பா ஏசுவாங்க மக்கா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

கொஞ்ச தூரம் இல்லை. முக்கால் மணி நேரம். அன்றைக்கு அந்த சுவிட்ச் வேலை செய்திருக்கும். மனுஷன் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார். என் விரலுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு சாண். போடவில்லை.

அவர் எழுதியது ஒரு தப்பு. நான் போடாதது இன்னொன்று. இரண்டாவதற்கு யாரை ஏச?

மார்ச் 24, சனி

சீல் வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை: கரண்ட் இல்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ் அடிக்க முடியுமாம். பம்ப் ஓட கரண்ட் வேண்டும். பத்து மணிக்குப் போனது பன்னிரண்டுக்கு வந்தது. ஒன்றுக்குப் போனது மூன்றுக்கு வந்தது. நடுவில் நின்றால் முதலில் இருந்து தொடங்க வேண்டுமாம்.

பட்டறை பெஞ்சில் ஆறு மணி நேரம். இரண்டு சாயா, ஒரு ஏத்தங்காய் அப்பம். திருத்தாத விடைத்தாள் கட்டு மடியில். பக்கத்தில் லாரிக்காரர் ஒருவர் இன்னொருவரிடம்: "கரண்டு வந்தா மோட்டர் ஓடாது, மோட்டர் ஓடினா கெணத்துல வெள்ளம் இருக்காது. நம்ம ஜாதகம் அது."

வேலை பாதியில். திங்கள் வரச் சொன்னார்.

மார்ச் 26, திங்கள்

முடிந்தது. பழைய ரகக் கேஸ் இப்போது வருவதில்லை, புது ரகத்துக்குத் தகுந்த எண்ணெய், வளையங்கள் எல்லாம் மாற்றியிருக்கிறார். ஸ்டீபன் பழைய சீலைக் கையில் வைத்துக் காட்டினார். சுட்ட அப்பளம் போல் கீறல் விட்டிருந்தது. கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, பையில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாது. தெரியும்.

சாவியைத் தரும்போது, "இனி பொத்தி வைக்கண்டாம் டீச்சர். ஓட்டுங்க" என்றார்.

குலசேகரம் வந்தும் வீட்டுக்குத் திருப்பவில்லை. நேரே பேச்சிப்பாறை வரை விட்டேன். நாலு கண்ணாடியும் ஏற்றி, ஏ.சி. போட்டு, தனியாக. இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில் ஏ.சி. போட்டு நான் ஓட்டியது இதுவே முதல் தடவை. வெளியே வெயில் கொதிக்கிறது, உள்ளே சத்தமே இல்லை. முழங்கை குளிர்ந்து மயிர் சிலிர்த்தது. அணைக்கட்டுப் பக்கம் நிழலில் நிறுத்தி நன்றாக அழுதேன். சுகமாக இருந்ததற்கு அழுதேன். இத்தனை எளிதான ஒரு சுகத்தை இத்தனை வருடம் உறை போட்டு மூடி வைத்திருந்தோமே என்று அழுதேன்.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து விடைத்தாள் திருத்தினேன். பதினேழு.

மார்ச் 28, புதன்

காலையில் குளிர்ச்சி கம்மி என்று தோன்றியது. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு மறுபடி மார்த்தாண்டம். மறுபடி சோப்பு நுரை. ஒரு குழாய் மூட்டு சரியாக முறுக்கவில்லை, அவ்வளவுதான். சீலில் ஒரு குமிழும் இல்லை. ஸ்டீபனுக்கே கூச்சம். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

ஷீபா கோயம்புத்தூரிலிருந்து போன். சனிக்கிழமை வருகிறாள். "அப்பாவ அந்த ஓட்ட வண்டியிலயா கூட்டிட்டு வாறிய?" ஏ.சி. சரியாகிவிட்டது என்றேன். "யாரு போட விட்டா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 30, வெள்ளி

விடியற்காலம் நாலரைக்குக் கிளம்பினேன். ஏழரைக்கு விமானம். எட்டே காலுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து முதல் வார்த்தை: "வண்டி எங்க நிக்கி?"

வண்டிப் பக்கம் வந்ததும் எழுந்து நின்று பானெட்டைத் தடவினார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி இல்லை. பாரம் மட்டும்.

முதலில் ஏ.சி. போட்டுவிட்டுத்தான் அவரை ஏற்றினேன். உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடி, "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்குத்தான் பன்னிரண்டு நாள். நெய்யாற்றின்கரை தாண்டும் வரை தூக்கம். பாறசாலையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நிற்கவும் கண் திறந்தார்.

"ஏட்டி, ஏ.சி.ய அணை. நிக்க நேரம் எதுக்கு? கம்ப்ரசர் தேயும்."

அணைக்கவில்லை.

"உனக்க கிட்டதான் சொல்லுதேன்."

ஒரு கையால் பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் போட்டேன். அவிழ்த்துப் பார்த்தார். "என்னது இது?"

"இதாக்கும் போச்சு. தேய்ஞ்சு போகல்ல. ஓடாம கெடந்து காஞ்சு போச்சு. வாரத்துல பத்து நிமிசம் போட்டிருந்தா போதுமாம்."

"யாரு சொன்னா?"

"சரியாக்கினவன் சொன்னான். நான் ஒரு நாளும் போட்டதில்ல. நீங்க எழுதினதுனால போடல்ல. ஷீபாக்கு நூத்தி மூணு காய்ச்சல் அடிச்ச அண்ணைக்கும், பிள்ள கேட்டும் போடல்ல."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் நெஞ்சைப் பார்த்துப் பயந்தேன். கேட் திறந்தது. பின்னால் ஹாரன். குழித்துறைப் பாலத்தின் மேல் வைத்துக் கேட்டார், ஆற்றைப் பார்த்துக்கொண்டு:

"பிள்ள கேட்டாளா?"

"கேட்டா."

அதன் பிறகு வீடு வரை அந்த வளையத்தை விரலில் உருட்டிக்கொண்டே வந்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 31, சனி

கஞ்சி, பயறு. உப்பு இல்லாமல். மாத்திரை காலை நாலு, மத்தியானம் இரண்டு, இரவு மூன்று. இருமும்போது நெஞ்சில் தலையணையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஷீபா மாலை வந்தாள். அப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ பேசினார்கள். நான் போய்க் கேட்கவில்லை. வெளியே வரும்போது அவள் கண் சிவந்திருந்தது.

துணி எடுக்க அலமாரியைத் திறந்தால், நான்காவது வரி அடித்திருக்கிறது. பக்கத்தில் நடுங்கிய எழுத்து: "ஞாயிறு 10 நிமிடம் ஏ.சி.யும் போடவும்."

அடித்தாலும் கட்டளைதான். மனுஷனுக்கு வேறு பாஷை வராது. அடிக்கோடு மட்டும் இல்லை.

ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு

உறையை உருவினேன். ஸ்டார்ட். ஏ.சி. போட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அவரே முற்றத்துக்கு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி. கோவில் மணி அடித்தது. குருத்தோலையோடு பிள்ளைகள் போகிற சத்தம்.

"பத்து ஆச்சு" என்றார்.

நான் சாவியைத் திருப்பவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. அவரும் இறங்கவில்லை.