வேறொருத்தியின் பெயரில்

ரேணுகா அப்பா,

சோறு குக்கரில் இருக்கிறது. மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ரேணுகா டியூஷன் முடிந்து வந்ததும் முட்டை பொரித்துக் கொடுங்கள்.

நான் டத்தோ கெராமாட் ரோட்டு மண்டபத்துக்குப் போகிறேன். மனநோயிலிருந்து மீண்டவர்கள் கதை சொல்லிப் பாட்டுப் பாடும் அந்த நிகழ்ச்சிக்குத்தான். நர்ஸ் அருந்ததி அக்கா காரில் கூட்டிப்போகிறார்.

"ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு நம்ம பிள்ளைய யாரு கட்டுவா? பேசாம வீட்டுலயே இரு லா" என்று காலையில் சொல்லிவிட்டு ஃபேக்டரி பஸ் ஏறினீர்கள்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தைப்பிங்கில் தங்கச்சி வீட்டில் இருப்பதாக எல்லாரிடமும் சொன்னீர்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தும் நான் இன்னும் அந்தத் தைப்பிங் பொய்யில்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா அங்கே மழை எப்படி இருந்தது என்று கேட்கிறார். நானும் பதில் சொல்கிறேன். குளிக்கப் போனால் நீங்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். பயத்தில்தான் தட்டுகிறீர்கள் என்று தெரிவதால் கோபப்படவும் முடியவில்லை.

மேடையில் என் பெயரைச் சொல்ல மாட்டேன். ஜெயா என்ற பெண்ணுக்கு நடந்ததாகச் சொல்வேன். ரேணுகாவுக்கு ஒன்றும் வராது.

மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டேன். தேட வேண்டாம்.

தவமணி

பி.கு.: நீங்கள் வேலையில் இருந்தபோது நேற்று ஒத்திகைக்குப் போனேன். பாட வந்த ஓர் அம்மா, ஜெயா கதையைக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கடைசில வீட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார். வந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் யாராவது கேட்பார்கள். ரேணுகாவையும் கூட்டிக்கொண்டு வந்து பின்வரிசையிலாவது உட்காருங்கள். அப்போது, வந்துவிட்டாள் என்று சொல்லிவிடுவேன் என நினைக்கிறேன்.