மஞ்சள் சீட்டு ஒட்டும் மருந்தாளுநரை வார்டுக்குத் திரும்ப அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
காலில் ஆணி ஏறிய தச்சரின் மகள்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஆண்கள் பொது வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: வார்டுக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள மருந்தாளுநரைத் திரும்ப அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்ததை நடந்தபடியே, எங்கள் வீட்டாருக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து, உண்மையாக எழுதுகிறேன்.

1. துருப்பிடித்த ஆணி குத்தி என் அப்பாவின் கால் முழங்கால்வரை வீங்கியதால் இங்கே சேர்த்தோம். எந்தக் கிருமி என்று தெரியும்வரை விலை உயர்ந்த, வீரியமான மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. அதற்கு முதலில் நன்றி.

2. பரிசோதனை முடிவு வந்ததும் மருந்தாளுநர் நோயாளியின் அட்டையில் மஞ்சள் சீட்டு ஒட்டுவார். அந்த மருந்து இன்னும் தேவையா என்று மருத்துவர் பார்த்து முடிவெடுப்பதற்கான அடையாளம் அது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தையல்கடை வைத்திருக்கும் என் அத்தை, "காசு இல்லாதவங்களுக்குத்தான் மஞ்சள் ஒட்டுறாங்க. என் தம்பி என்ன இளிச்சவாயனா?" என்று அதை உரித்து, மூடி நிற்காத பிஸ்கட் டப்பாவுக்கு ஒட்டிவிட்டார். நன்றாகப் பிடித்தது என்று மகிழ்ந்தும் கொண்டார்.

3. சீட்டு இல்லாததால் மருத்துவர் அட்டையைக் கடந்து போனார். தேவை முடிந்த மருந்து தொடர்ந்து ஏறி, அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது; ஊசி குத்திய கையும் வீங்கியது. விசாரிக்க வந்த மருந்தாளுநருக்கு அத்தை அந்த டப்பாவையே நீட்டி உபசரித்தார். அவர் மூடியைப் பார்த்தார். திட்டவில்லை. "டப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். வார்டே சிரித்தது.

4. அன்றே ஊசி நின்று மாத்திரை வந்தது. ஊர் சிரித்த ஆத்திரத்தில் இருந்த அத்தை, மலிவு மாத்திரை கொடுத்துத் தம்பியைக் கைகழுவுகிறார்கள் என்று புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டார். அதன்பேரில்தான் மருந்தாளுநர் நிறுத்தப்பட்டார்.

5. ஊசியை நிறுத்தியது செலவை மிச்சம் பிடிக்கத்தானா என்று, மாத்திரை வந்த அன்றே நான் அவரிடம் கேட்டிருந்தேன். "அதுவும் ஒரு காரணம்தான் பாப்பா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம் வேற: சும்மா சும்மா குடுத்தா, நிஜமா வேணுங்கிற நாள்ல அந்த மருந்து கிருமிகிட்ட எடுபடாது" என்றார். பக்கத்துக் கட்டில் ஓட்டுநருக்கு விலை உயர்ந்த மருந்துதான் கேட்கும் என்று முடிவு வந்தபோது, தர மறுத்த மருந்துக் கிடங்கின் வாசலில் நின்று வாங்கி வந்தவரும் அவரே. இப்போது ஓட்டுநருக்குப் புதிய பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. சீட்டு ஒட்ட ஆளில்லை.

6. அப்பா மாத்திரையிலேயே குணமடைந்தார். எழுந்து நடந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு ஆப்பு வைத்தது.

ஆகவே ஐயா, ஓட்டுநருக்காகவாவது நாளைக் காலையே மருந்தாளுநரை அனுப்பி உதவ வேண்டுகிறேன். மஞ்சள் சீட்டு எதற்கென்று ஒரு வரி சுவரில் எழுதி வைத்தால் பிஸ்கட் டப்பாக்களும் பிழைக்கும்.

நாள்: செவ்வாய்க்கிழமை மாலை
இடம்: ஆண்கள் பொது வார்டு

நடந்ததை மட்டுமே எழுதிய,
(கையொப்பம்)
தச்சரின் மகள்

டப்பா உட்பட மேலே எழுதியிருப்பதெல்லாம் சரி. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.
(கையொப்பம்)
தச்சரின் அக்கா

குறிப்பு: கடைசி வரிகள் கோணலாக இருந்தால் பொறுத்தருளவும். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் கட்டிலுக்கு மேலிருந்த விளக்கைச் செவிலியர் அணைத்துவிட்டார்.