குழந்தை சிரிப்பு - குறுக்குவழி

அன்புள்ள இன்ஜின் ரூம்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகள் எங்களையெல்லாம்விடச் சுகம். நேற்று என் சாவிக்கொத்தை வாஷிங் மெஷினுக்குள் போட்டுவிட்டுக் கை தட்டினாள். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கடிதத்தில் இருந்த கோபத்தைப் பார்த்தாலே உடம்பில் தெம்பு இருப்பது தெரிகிறது.

கம்பெனி ஏஜென்டு வெள்ளிக்கிழமை வருகிறார். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வரும் பொட்டலத்தில் இந்தக் கடிதமும் ஒரு புதிய சிடியும் இருக்கும். கப்பலில் நெட் எழுத்துக்கே மூச்சு வாங்குகிறது, வீடியோவெல்லாம் வராது என்று நீங்கள் சொன்னதால்தான் இத்தனை பாடு. இன்னும் நாலு மாதம் கப்பலிலேயே இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்கிறது, இருக்கவா, வரவா, நீயே சொல் என்று எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்கிறேன்.

போன சிடியைச் சாப்பாட்டு அறையில் போட்டு, சமையல்காரர் முதல் கேப்டன் வரை எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தீர்களாம். படம் ஒன்றும் ஓடவில்லையாம், ஓரத்தில் அம்புக்குறி போட்ட குட்டிக் குட்டிச் சதுரங்கள்தான் வந்தனவாம். "பாப்பா ரொம்பச் சின்னதா இருக்கே" என்று கேப்டன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். அதற்காக "ஒரு பட்டன் அழுத்தத் தெரியாதா உனக்கு" என்று கட்டின பெண்டாட்டிக்கு எழுதலாமா? வீட்டு உயரம் இருக்கிற இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறவர் நீங்கள். நம் குளியலறைக் குழாய் இன்றைக்கும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அதைக் கேப்டனுக்கு எழுதினேனா?

நடந்தது இதுதான். உங்கள் தங்கை கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றிவைத்திருக்கிறாள். திரையின் முகப்பில் "குழந்தை சிரிப்பு - குறுக்குவழி", "குழந்தை குளியல் - குறுக்குவழி" என்று வரிசையாக இருந்தன. குறுக்குவழி என்றால் சீக்கிரம் போய்ச் சேரும், நல்லதுதானே என்று நம்பி அத்தனையையும் இழுத்துச் சிடியில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அசல் படங்கள் வேறொரு ஃபோல்டரில் இருக்கின்றன, முகப்பில் இருப்பவை அவற்றைத் திறந்துவிடும் கைகாட்டிகள் மட்டும்தான் என்று உங்கள் கடிதம் வந்தபிறகுதான் அந்த மகராசி விளக்கினாள். குழந்தையை அனுப்புவதாக நினைத்துக்கொண்டு வீட்டு விலாசத்தை அனுப்பியிருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு இல்லை.

சரி என்று அசலைத் தேடிப் பிடித்து மறுபடி உட்கார்ந்தோம். திரையில் "வட்டை எரிக்கவா?" என்று வந்தது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டார். "எதை எரிக்கணுமாம்? புள்ளை படத்தையா? இந்தப் பெட்டிக்கு நாக்குல நல்ல வார்த்தையே வராதா?" என்று எழுந்தேவிட்டார். உள்ளே சூடாக ஒரு ஒளி பட்டுத்தான் சிடியில் பதிகிறது, அதனால் அந்தப் பெயர் என்று உங்கள் தங்கை பொறுமையாகத்தான் சொன்னாள். "பதியுதுன்னா பதியுதுன்னு சொல்லு. எரியிறதெல்லாம் அடுப்போட நிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றுமுதல் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. வேலை பாதியில் நின்று "எரித்தல் தோல்வியடைந்தது" என்று வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தலையில் கைவைத்துக்கொண்டோம். மாமா மட்டும் "அப்பாடா" என்றார்.

அதன்பிறகு எத்தனை தோல்வி என்று கேட்காதீர்கள். கெட்டுப்போன சிடிகளைக் கொடியில் கட்டிக் காக்கை விரட்டுகிறோம். உங்கள் தங்கை ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். சிடி மட்டம் என்றாள். வேறு கடையில் வாங்கினோம். உள்ளே தூசி என்றாள். ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது. பாதியில் கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறது என்றாள். அது தூங்காமலிருக்க நானும் அவளும் முறைபோட்டு மௌஸை ஆட்டினோம். குழந்தை தூங்கத் தொட்டிலை ஆட்டு, கம்ப்யூட்டர் தூங்காமலிருக்க மௌஸை ஆட்டு என்று என் கைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்தன. நடுவில் அழகாக இருக்கட்டும் என்று "அன்பு அப்பாவுக்கு" எழுதின பூப்போட்ட ஸ்டிக்கரைப் புதுச் சிடிமேல் ஒட்டித்தொலைத்தாள். அது உள்ளே சுற்றிய சுற்றில் பிய்ந்து சிக்கிக்கொண்டது. முன்பக்கத்தில் ஒரு குட்டித் துளை இருக்கிறதே, ஊக்கை நிமிர்த்தி அதில் குத்தினபிறகுதான் சிடி வைக்கிற தட்டு வெளியே வந்தது.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தது மாமாவின் பல்செட்டு. கம்ப்யூட்டர் மேஜைமேல் கிண்ணத்தில் கழற்றி வைத்திருந்தார். திடீரென்று "என் பல்லு தானா பேசுது, வந்து பாருங்க" என்று கத்தினார். ஓடிப் பார்த்தால் கிண்ணத்துக்குள் பல்செட்டு கடகடவென்று அடித்துக்கொள்கிறது. மேஜையை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது. நீங்கள் உங்கள் கையால் செய்த மேஜை, ஒரு கால் குட்டை. மெஷின் பிழியும்போதெல்லாம் மேஜை ஆடி, சிடியும் சேர்ந்து ஆடியிருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் மெஷின் எப்போது நிற்கிறது சொல்லுங்கள். ஆகவே பட்டன் அழுத்தத் தெரியாதது நானா, மேஜைக்குக் கால் வைக்கத் தெரியாதது நீங்களா என்பதைக் கேப்டனே சொல்லட்டும்.

மெஷினை நிறுத்தினோம். கம்ப்யூட்டர் சிடியில் பதிகிற வேகத்தையும் இருப்பதிலேயே குறைவாக வைத்தோம். அவசரப்படுத்தினால் அதற்கும் என்னை மாதிரிக் கை ஓடாது போலிருக்கிறது. அப்புறமும் தட்டிலிருந்து கறமுற என்று ஒரு சத்தம். திறந்தால் பிஸ்கட் தூள். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முகப்பில் உங்கள் படத்தை வைத்திருக்கிறோம், நீல உடுப்பில் நிற்பீர்களே அது. அவளுக்கு அந்தப் பெட்டிதான் அப்பா. தட்டு வெளியே வந்தால் அப்பா வாயைத் திறக்கிறார் என்று எண்ணி, தான் கடித்த பிஸ்கட்டில் மிச்சத்தை அதில் வைத்து "அப்பா, ஆ" என்கிறாள். தட்டு உள்ளே போனதும் அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன், பிறகு அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். சுத்தமாகத் துடைத்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

ஆக, சிடி முடிந்தது. "வட்டு வெற்றிகரமாக எரிக்கப்பட்டது" என்று வந்த வரியை மாமா துண்டால் மறைத்துவிட்டார். உங்கள் தங்கை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு எல்லாம் ஓடுகிறது என்று பார்த்தபிறகே உறையில் வைத்தேன். சிரிப்பது, குளிப்பது, மாமாவின் கண்ணாடியைப் பிடுங்குவது, உங்களுக்குப் பிஸ்கட் ஊட்டுவது எல்லாம் இருக்கின்றன. தைரியமாகக் கேப்டனைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

ஒன்று மட்டும் இருக்காது. போன வாரம் அவள் நடந்துவிட்டாள். மாமாவின் நாற்காலியிலிருந்து கையை விட்டுவிட்டுத் தத்தித் தத்தி நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். உங்கள் தங்கை முழுவதையும் படம் எடுத்தாள். "குழந்தை நடை" என்று பெயர் வைத்தோம். சிடியில் இடம் இருக்கிறது. இழுத்துப் போட்டேன், பிறகு நானே எடுத்துவிட்டேன். அதனால் அது வரவில்லையே என்று சிடியைத் துடைக்காதீர்கள், கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். இது கோளாறு இல்லை.

நாலு மாதத்தைப் பற்றிக் கேட்டீர்களே. மாமாவிடம் கேட்டேன், "அவன் வந்து மேஜைக்காலைச் சரிபண்ணட்டும்" என்றார். நான் சொல்வது இது. அன்றைக்கு நடந்து போனவள் திரையில் உங்கள் படத்தை விரலால் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப்போய்ப் பெட்டியின் பின்பக்கத்தில் உங்களைத் தேடினாள்.

அங்கே தூசியும் வயர்களும்தான் இருந்தன. அசலே வந்துவிடுங்கள்.

கடலும் காற்றும் உங்களுக்கு இணக்கமாக இருக்கட்டும். ஏணியில் பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
பட்டன் அழுத்தத் தெரியாதவள்